தனிப் பீங்கான்

மிஸ்ஸிடம் ஒரு பொல்லாத பழக்கம் இருந்தது. ஒருவரிடம் சொல்லி முடிக்க வேண்டிய விஷயத்தை ஒரு தெருவுக்கே சொல்வார். ஏழாம் நம்பர் வீட்டுப் பையன் காலைச் சாப்பாட்டோடு சோடா குடிக்கிறான் என்று தெரிந்தால், ஏழாம் நம்பருக்குப் போய்ச் சொல்ல வேண்டியதுதானே? மாட்டார். குடையும் கையுமாக ஒன்றாம் நம்பரில் ஏறி, பதினான்கு வீட்டு வாசலிலும் நின்று, "நம்ம தெருப் புள்ளைங்க காலையில என்ன குடிக்கிறாங்க?" என்று விசாரித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். அது தன் மகனைப் பற்றிய கேள்வி என்று ஏழாம் நம்பர்க்காரிக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தச் சோடாவை விற்றவர் என் கணவர். சந்தியில் எங்களுக்கு ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது.

மிஸ் எங்கள் பகுதியின் அரசாங்க மிட்வைஃப். கர்ப்பிணிகளைப் பார்ப்பது, பிள்ளைகளை நிறுப்பது, ஊசி போடும் நாளை ஞாபகப்படுத்துவது எல்லாம் அவர் வேலை. கண்டி மஹய்யாவையில் இருந்து மாத்தளை பஸ்ஸில் அலவத்துகொடைக்கு வருவார். வெள்ளைச் சீருடை, கறுப்புக் குடை, குழந்தைகளைத் தொங்கவிட்டு நிறுக்கும் தராசு ஒன்று பையில். அவருடைய தமிழ் வேறு, எங்கள் தமிழ் வேறு. அவர் "இருக்குங்க" என்பார், நாங்கள் "ஈக்கி" என்போம். வந்த புதிதில் நாங்கள் பேசுவதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நாங்களும் அவர் போன பிறகு சிரித்தோம். பன்னிரண்டு வருடம் வந்து போனார். மாற்றலாகிப் போய் மூன்று வருடமாகிறது. அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால் முதலில் எனக்குக் கோபம்தான் வருகிறது. அவ்வளவு பிடிவாதக்காரி.

அந்தக் கோபம் என் மகள் மர்யமின் எடை அட்டையில் தொடங்குகிறது. பிள்ளை பிறந்ததும் கிளினிக்கில் அந்த அட்டையைத் தருவார்கள். மாதாமாதம் நிறுத்து, புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுப்பார்கள். கோடு சரிந்தால் தாய்க்கு ஏச்சு விழும், ஏறினால் பெருமை. எங்கள் உம்மாமார் காலத்தில் இருந்தே ஏற வேண்டும், ஏற வேண்டும் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய கூட்டம் நாங்கள். அட்டையில் அச்சடித்த பச்சைப் பட்டைக்குள்தான் கோடு நிற்க வேண்டும் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. மர்யமின் கோடு பட்டையைத் தாண்டி மேலே போன மாதம், நான் கிளினிக்குக்கு ஒரு சொக்லட் கேக் செய்து கொண்டுபோனேன். கேக் செய்து விற்பதுதான் என் தொழில். இரண்டு அடுக்கு வைத்து, மேலே ரோஜாப்பூவும் போட்டிருந்தேன்.

மிஸ் அந்தக் கேக்கைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேறு யாராவது என்றால் அங்கேயே என்னை உரித்திருப்பார்கள். அவரோ கேக்கைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி அங்கிருந்த எல்லோருக்கும் கொடுத்தார். பிறகு எல்லா உம்மாமாரையும் வாங்குப் பலகையில் உட்கார வைத்து, "பிழை என்னோடதுங்க" என்று தொடங்கினார். "கோடு ஏறணும் ஏறணும்னு நான்தான் உங்க தலையில ஏத்தி வச்சேன். எங்க நிக்கணும்னு சொல்லாம விட்டுட்டேன்." அரை மணி நேரம் பேசினார். என் பெயரோ மர்யமின் பெயரோ அதில் ஒரு இடத்திலும் வரவில்லை. நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு யாரோ ஒருத்தியின் பிள்ளையைப் பற்றி என்று நினைத்து, மனதுக்குள் அவளுக்காகப் பாவப்படவும் செய்தேன்.

எங்கள் பிள்ளைகள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் மத்ரஸாவில் ஓதப் போவார்கள். ஓதி முடிந்ததும் ஏதாவது கடிக்கக் கொடுப்பது ஊர் வழக்கம், தெருவில் ஒரு நாளைக்கு ஒரு வீட்டு முறை. ஆரம்பத்தில் பிளேன்டீயும் பிஸ்கட்டும்தான். பிறகு ஒருத்தி ரோல்ஸ் அனுப்பினாள், அடுத்தவள் விடுவாளா, பெட்டிஸும் சோடாவும் அனுப்பினாள். நான் சும்மா இருப்பேனா, கேக் அனுப்பினேன். ஓத வருகிற பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் கல்யாண வீட்டுக்குப் போய் வருகிற மாதிரி வந்தார்கள். முறை வருகிற நாளை நினைத்துச் சில வீடுகளில் இரண்டு நாள் முன்பே முகம் வாடிப்போகும்.

மிஸ் இதில் கை வைத்த விதத்தை நான் இன்றும் மெச்சுகிறேன். யாரையும் நிறுத்தச் சொல்லவில்லை. நேராகப் பள்ளிவாசல் தலைவரின் வீட்டுக்குப் போனார். தெருவிலேயே பெரிய வீடு அது, ஆடம்பரமாக அனுப்புவதில் முதல் வீடும் அதுதான். ராத்தா என்று நாங்கள் கூப்பிடும் தலைவரின் மனைவியிடம், "உங்க முறைக்கு அவிச்ச பயறும் தேங்காப்பூவும் அனுப்புறீங்களா?" என்று கேட்டார். ராத்தாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"எங்கட ஊட்டுல இருந்து பயறா மிஸ்? ஊர் என்ன செல்லும்?"

"நீங்க அனுப்பினா ஒண்ணும் சொல்லாது. சின்ன வீட்டுல இருந்து போனாத்தான் சொல்லும். அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்."

அடுத்த முறைக்குப் பெரிய வீட்டில் இருந்து அவித்த பயறு போனது. அதன் பிறகு கடலை போனது, சோளம் போனது, வாழைப்பழம் போனது, யாருக்கும் வெட்கமில்லை. என் கேக்கும் நின்றது. எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நடை விஷயமும் இப்படித்தான். பாடசாலை எங்கள் மேட்டில் இருந்து மூன்று வளைவு கீழே இருக்கிறது, நடந்தால் பத்து நிமிடம். அதற்குத் தெருவே ஓட்டோ வைத்திருந்தது. பிள்ளைகளை நடத்திக் கூட்டிப் போகலாம், முன்னால் ஒரு உம்மா, பின்னால் ஒரு உம்மா, நாளுக்கு இரண்டு பேர் என்று மிஸ் பட்டியல் போட்டார். மெலிந்த பிள்ளைகளின் தாய்மாருக்கு வந்ததே கோபம்.

"எண்ட மகன் ஈர்க்கில் மாதிரி ஈக்கிறான் மிஸ். அவன் எதுக்கு நடக்கிற?" என்றாள் எதிர் வீட்டுக்காரி.

"கொஞ்சம் பேரு மட்டும் நடந்தா ஊரே வேடிக்கை பாக்கும்" என்றார் மிஸ். "எல்லாரும் நடந்தா அது பள்ளிக்கூடம் போறது. அவ்வளவுதாங்க."

எனக்குச் செவ்வாய்க்கிழமை விழுந்தது. முதல் நாள் திரும்பி ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கி, இரண்டாவது வளைவில் ஒரு மதிலில் சாய்ந்து நின்றேன். மிஸ் கீழே இருந்து ஏறி வந்தவர் என்னைத் தாண்டிப் போகாமல், தானும் மதிலில் சாய்ந்து, குடையை நட்டுவைத்து, மழை வருமா வராதா என்று பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு மூச்சு வாங்கவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் நடக்கத் தொடங்கிய பிறகுதான் அவரும் நடந்தார்.

மர்யம் அந்த வரிசையில் இரண்டு வருடம் நடந்தாள். ஐந்தாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் பரீட்சை வருடம் வந்ததும் நான்தான் அவளை நிறுத்தினேன். காலையில் ஒரு டியூஷன், பின்னேரம் ஒரு டியூஷன், இடையில் ஓட்டோ. படிக்கிற பிள்ளைக்குத் தெம்பு வேண்டும் என்று பையில் கேக் துண்டு. ஆறாம் வகுப்புக்குப் போன பிறகு பாடசாலையில் வைத்தியப் பரிசோதனை நடந்தது. உயரத்துக்கு எடை மிகக் கூட என்று ஒரு துண்டுச் சீட்டு வீட்டுக்கு வந்தது. அதை நான் மடித்து, கேக் மாவு கொட்டி வைக்கிற பேணிக்குள் ஒளித்தேன். கேக் செய்கிறவளின் பிள்ளை, கடை வைத்திருக்கிறவரின் பிள்ளை என்று ஊர் சொல்லும் என்பதுதான் என் முதல் நினைப்பு. மர்யம் என்ன நினைப்பாள் என்பது இரண்டாவதாகக் கூட வரவில்லை.

மிஸ்ஸைத் தனியாக வாசலில் பிடித்தேன்.

"மிஸ், எண்ட மகளுக்கு என்ன குடுக்கணும், என்ன குடுக்கப்படாதுன்னு ஒரு பேப்பர் எழுதித் தாங்க. ஒத்தருக்கும் தெரியப்படாது."

"வீட்டுல எத்தன பேரு தங்கச்சி?"

"அஞ்சு பேர். நாங்க ரெண்டு, புள்ளைகள் மூணு."

"அஞ்சு பேருக்கும்னா இப்பவே எழுதுறேன். அவளுக்கு மட்டும்னா எழுத மாட்டேங்க."

"மத்த ரெண்டு புள்ளைகளும் மெலிவு மிஸ். அவனுகள் எதுக்கு வாயைக் கட்டணும்?"

"அப்ப அவ மட்டும் எதுக்குக் கட்டணும்?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவருக்கு ஒரு பேப்பர் எழுத என்ன கேடு என்று நினைத்தேன். உள்ளே போனேன். போன் இருக்கிறதே, அதில் இல்லாத பேப்பரா? அன்று மாலையே ஒன்றைத் தேடி எடுத்தேன். மர்யமுக்கென்று ஒரு சின்னப் பீங்கானை, எங்கள் ஊரில் சாப்பாட்டுத் தட்டுக்கு அதுதான் பெயர், அலுமாரியில் இருந்து எடுத்துக் கழுவி வைத்தேன். தம்பிமார் இருவரும் பெரிய பீங்கானில் சோறும் பொரித்த கோழியும் சாப்பிடுவார்கள். அவள் சின்னப் பீங்கானில் அவித்த மரக்கறியை விரலால் தள்ளிக்கொண்டு இருப்பாள். என் கணவர், "பாவம் புள்ள" என்று சொல்லி, நான் பார்க்காத நேரம் ஒரு டொபி கொடுப்பார். இப்படி மூன்று வாரம் போனது.

அந்த நேரத்தில்தான் திகனையில் என் கணவருடைய மச்சானின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் கல்யாணங்களில் சஹனில் சாப்பாடு. பெரிய வட்டத் தாம்பாளத்தில் சோற்றைக் குவித்து, மேலே கறி வகைகளை வைத்து, சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது. மர்யமின் வயதுப் பெண் பிள்ளைகள் ஆறு பேர் ஏற்கனவே ஒரு சஹனைப் பிடித்துவிட்டார்கள். அவளும் அதில் ஒருத்தி. எல்லோரும் கை கழுவிவிட்டு, கதிரையில் காலாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் போய் அவள் தோளைத் தொட்டு எழுப்பினேன். என் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார வைத்தேன். கைப்பையில் இருந்து டப்பாவை எடுத்து, அந்தச் சின்னப் பீங்கானையும் எடுத்து, அவித்த கோழியை வைத்தேன். ஆமாம், பீங்கானையும் வீட்டில் இருந்து கொண்டுபோயிருந்தேன். அவ்வளவு புத்திசாலி நான்.

"புள்ளைக்கு சொகமில்லையா?" என்று பக்கத்தில் இருந்த மாமி ஒருவர் கேட்டார்.

"சொகம் மாமி. கொஞ்சம் மெலியணும், அதான் வேறயாக் குடுக்கிற."

மெதுவாகச் சொன்னதாகத்தான் எனக்கு நினைவு. ஆனால் இரண்டு சஹன் தள்ளி இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளைகளின் சஹனில் ஆறாவது கதிரை கொஞ்ச நேரம் வெறுமையாக இருந்தது. பிறகு பரிமாறுகிறவர்கள் வேறொரு பிள்ளையைக் கூட்டிவந்து அதில் உட்கார்த்தினார்கள். மர்யம் அழவில்லை. அந்தக் கதிரையைப் பார்த்துக்கொண்டே, பீங்கானில் நான் வைத்ததை எல்லாம் ஒன்று விடாமல் சாப்பிட்டு முடித்தாள்.

அதன் பிறகு அவள் எங்களோடு சாப்பிடவில்லை. முதலில் பீங்கானை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு அதையும் கொண்டுபோகவில்லை. பாடசாலைக்குக் கொடுத்துவிட்ட சாப்பாடு மூடி திறக்காமல் திரும்பி வந்தது. சோறு, கேக், கணவர் கொடுத்த டொபி, எதை வைத்தாலும் "பசிக்கல்ல" என்ற ஒரே பதில். இரண்டு வாரத்தில் கண் உள்ளே போய்விட்டது. டொக்டரிடம் காட்டினோம், உடம்பில் நோய் வருத்தம் ஒன்றும் இல்லை என்றார். நான் கேட்ட மெலிவு வந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

கடைசியில் வெட்கத்தை விட்டு, பஸ் தரிப்பிடத்துக்கு ஓடி மிஸ்ஸைப் பிடித்தேன். திகனையில் நடந்ததை ஒரு சொல் மறைக்காமல் சொன்னேன். அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் பாதையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மொத மொதல்ல எனக்குத் தேயிலைத் தோட்டத்துலதாங்க வேலை. வயசு இருவத்தி மூணு, வாய்த் துடுக்கு. எடை பாக்குற வரிசையில ஒரு புள்ள தராசுல ஏறுனா. கொஞ்சம் பெரிய ஒடம்பு. மத்த புள்ளைங்க சோத்தையும் நீயே தின்னுட்டியான்னு கேட்டுட்டேன். வரிசையே சிரிச்சிச்சு. நானும் சிரிச்சேன்."

"பொறகு?"

"அப்புறம் அவ வரல. கிளினிக்குக்கும் வரல, பள்ளிக்கூடத்துக்கும் போகல. அவங்க லயத்து வீட்டு வாசல்ல போயி நின்னேன். நாலு தரம் போனேன். கதவத் தொறக்கவே இல்ல."

பஸ் வந்துவிட்டது. மிஸ் அதில் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நின்றார். "ஞாயித்துக்கிழம நான் உங்க வீட்டுக்குச் சாப்பிட வர்றேன்" என்றார். "சஹன்ல போடுங்க."

அத்தனை வருடத்தில் மிஸ் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் சாப்பிட்டதில்லை. ஒரு வீட்டில் கை நனைத்தால் பதினான்கு வீட்டிலும் நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாரபட்சம் என்பார். சைவ சமயத்து ஆட்களுக்கு எங்கள் சாப்பாடு ஆகாது போலிருக்கிறது என்று சிலர் பின்னால் பேசியதும் அவர் காதில் விழுந்திருக்கும். அதற்கும் அவர் அசைந்ததில்லை. ஒருத்திக்காக மட்டும் எதையும் செய்யாத மனுஷி என் மகள் ஒருத்திக்காக வருகிறேன் என்றார். என்ன சமைக்க என்று கேட்டேன். "எப்பவும் ஞாயித்துக்கிழம என்ன சமைப்பீங்களோ அது. எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மஹய்யாவையில் இருந்து வந்தார். சீருடை இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன், மாம்பழ நிறச் சேலை. கூடத்தில் பாய் விரித்து, நடுவில் சஹனை வைத்தேன். சோறு, கோழிக்கறி, பருப்பு, கத்தரிக்காய், வல்லாரைச் சம்பல். என் கணவர் தண்ணீரும் துவாலையும் எடுத்துக்கொடுக்க நின்றார். மிஸ், நான், என் இரண்டு மகன்மார், மர்யமோடு படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஐந்து பேர் உட்கார்ந்தோம். ஆறாவது இடம் மிஸ்ஸுக்கு எதிரே, மர்யமின் அறையைப் பார்த்தபடி இருந்தது. கதவு சாத்தியிருந்தது.

நான் எழும்பி அவளைக் கூப்பிடப் போனேன். மிஸ் என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "சாப்பிடுங்க" என்றார்.

சாப்பிட்டோம். நான் சோற்றை அளைந்துகொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிஸ் மட்டும் கட்டுகஸ்தோட்டையில் பஸ் நின்ற கதை, பஸ்ஸுக்குள் யாரோ கோழி கொண்டுவந்த கதை என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு, நன்றாகப் பிசைந்து சாப்பிட்டார். திடீரென்று எதிர்ப்பக்கம் கையை நீட்டி, ஆளில்லாத இடத்துக்கு முன்னால் இருந்த கோழித் துண்டை எடுத்தார்.

என் சின்ன மகன் வாயைப் பிளந்தான். சஹனில் அவரவர் முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். அடுத்தவர் பக்கம் கை நீட்டினால் மூன்று வயதுப் பிள்ளைக்கும் அடி விழும். மிஸ்ஸுக்கு அது தெரியாது என்று நினைத்தேன். சொல்லவும் முடியாமல் என் கணவரைப் பார்த்தேன், அவர் கூரையைப் பார்த்தார். மிஸ் இரண்டாம் தரம் நீட்டிக் கத்தரிக்காயை எடுத்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிறகு என் மகன்மார் சிரித்தார்கள். மிஸ் ஒன்றும் தெரியாதவராக முகத்தை வைத்துக்கொண்டு, "என்னடா?" என்று கேட்டு, மூன்றாம் தரமும் கையை நீட்டினார்.

அறைக் கதவு திறந்தது.

"மிஸ், அது எண்ட பக்கம்."

மிஸ் கையை எடுக்கவில்லை. "ஆள் இல்லாத பக்கம்தானே?" என்றார்.

"நான் ஈக்கிறேன் தானே" என்றாள் மர்யம். வந்து, கை கழுவி, ஆறாவது இடத்தில் உட்கார்ந்து, பிஸ்மி சொல்லிச் சோற்றில் கை வைத்தாள்.